பதினான்காவது வளைவில் நின்றுபோன பாட்டு

சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறுகிற பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறுகிற பஸ்ஸைப் பற்றிப் பிள்ளைகளுக்காக நான் கட்டிய பாட்டிலும் 20 வளைவு உண்டு. 2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து முற்றத்தில் எழுபது பிள்ளைகளை உட்காரவைத்து அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் களத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்தார்கள். பனி இன்னும் முழுசாக விலகவில்லை. பதின்மூன்றாவது வளைவுவரை வண்டி நன்றாகத்தான் போனது. பதினான்கில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. செருமிப் பார்த்தேன். இருமினேன். மறுபடி திறந்தால் கதவிடுக்கில் மாட்டிய பூனை மாதிரி ஒரு சத்தம். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அதுவும் பாட்டில் வருகிறது என்று நினைத்து எல்லோரும் என்னைப் போலவே 'க்ஹும் க்ஹும்' என்று இருமிக் காட்டினார்கள். நானும் சிரித்துச் சமாளித்து, மீதிக் கதையைப் படத்தைக் காட்டியே முடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். அடிவாரம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் பாடவில்லை.

நான் சிறுவர் புத்தகம் எழுதுகிறவள். அப்பா சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். கொலுசைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். சத்தம் சரியில்லை என்றால் முத்து எங்கேயோ சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம் என்பார். பாட்டு எனக்கு அம்மா வழி. முறையாகக் கற்றதில்லை. பதினோரு வருடம் நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். பிள்ளைகளைச் சாப்பிடவைக்க, தூங்கவைக்க, வரிசையில் நிற்கவைக்க எல்லாவற்றுக்கும் நானே ஒரு பாட்டுக் கட்டிவிடுவேன். 2017-ல் வேலையை விட்டுவிட்டு அந்தப் பாட்டுகளைப் புத்தகமாக்க ஆரம்பித்தேன். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் அத்தனையும் எழுதினார். அந்த விவரம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வேலையை விட்டேன். அந்த முடிவைப் பற்றி இன்றைக்கும் எனக்கு இரண்டு மனசுதான்.

மொத்தம் மூன்று புத்தகம். ஒவ்வொன்றும் 24 பக்கம். முதல் புத்தகத்தை 26 பக்கத்துக்கு எழுதி, படமும் வரையவைத்து எடுத்துக்கொண்டு போனேன். அச்சகத்தில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டு, எட்டின் மடங்கில் வந்தால்தான் தாள் வீணாகாது, இரண்டு பக்கத்தை வெட்டு இல்லையென்றால் ஆறு பக்கம் சேர்த்துக்கொண்டு வா என்றார். இரண்டு படத்துக்குக் கொடுத்த 2,400 ரூபாய் போனது. எழுதுவதற்கு முன்னாலேயே ஒரு தாளை மடித்துப் பக்கத்துக்கு எண் போட்டுப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

பாட்டும் புத்தகமும் எனக்கு எப்படிச் சோறு போட்டன என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. 1,000 பிரதி அடித்தால் ஒரு பிரதிக்கு 48 ரூபாய் ஆகும். விலை 150. பள்ளிகளுக்குத் தள்ளுபடி போக 120. கடையில் வைத்தால் மாதத்துக்கு நாலு விற்கும். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பாடினால் 30 பிரதி போகும். மாதத்துக்குப் பத்துப் பள்ளி. பஸ் செலவு போகக் கையில் 18,000, 19,000 நிற்கும். இத்தனை வருடமும் நான் புத்தகம் விற்று வாழ்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். குரல் போன பிறகுதான் தெரிந்தது, விற்றது பாட்டு. புத்தகம் அதோடு ஒட்டிக்கொண்டு போனது. அந்தப் பாட்டுக்கு நான் ஒரு பைசா வாங்கவில்லை. தாளுக்கு விலை, மைக்கு விலை, படம் வரைந்தவருக்குச் சம்பளம் என்று கணக்கு நோட்டில் எல்லாம் இருக்கிறது. தொண்டைக்கு மட்டும் ஒரு வரி இல்லை. ஒரு தாளாளர் அம்மா நேராகவே கேட்டார், "புக்குதான் வாங்கறோமில்ல டீச்சர், பாட்டு சும்மாதானே?" ஆமாங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, திறந்த பிறகு கடனை அடைக்கும் வேகத்தில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனேன். ஒரு நாளைக்கு இரண்டு பள்ளி, சில நாள் மூன்று. பெரும்பாலும் மைக் கிடையாது. அஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்தில் மெயின் ரோடு, எதிரில் இருநூறு பிள்ளைகள். 2023 நவம்பர் கடைசியில் காலையில் எழுந்தால் குரல் கட்டிக்கொண்டு இருக்கும், பத்து மணிக்குச் சரியாகிவிடும். டிசம்பரில் மதியம்வரை கட்டியது. மேல் சுரம் போகும்போது நடுவில் ஒரு இடத்தில் குரல் அறுந்து, பிறகு ஒட்டும். பேசி முடித்தால் கழுத்தின் இரண்டு பக்கமும் வலி. நிமிடத்துக்கு ஒரு தடவை செருமல். இதில் ஏதாவது ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்து 'ஆ' காட்டச் சொல்லிப் பார்ப்பதில், குரல் உண்டாகிற குரல்நாண் தெரியாது. அது அதற்கும் கீழே இருக்கிறது. எனக்கு இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் ஏழு மாதம் ஒரு மாதமாகச் சுருங்கியிருக்கும்.

நான் என்ன செய்தேன்? முதலில் மருந்துக்கடைக்குப் போய் இரண்டு தடவை ஆன்டிபயாடிக் வாங்கித் தின்றேன். அப்புறம் நாட்டு மருந்து. அதிமதுரம், சித்தரத்தை, மிளகு போட்ட பால், பனங்கற்கண்டு, தேனில் குழைத்த தாளிசாதி. அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. சளி, இருமலுக்கு அதெல்லாம் இதமாகத்தான் இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் குடிக்கிற எதுவும் குரல்நாணைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாய் வழியாகப் போகிறது, குரல்நாண் மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கிறது. தொட்டால் புரையேறிவிடும். தண்ணீர்கூட உடம்புக்குள் போய், உடம்பு முழுக்க ஈரமானால்தான் அங்கேயும் ஈரம். அதனால் பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு சொம்பு குடிப்பதில் பெரிதாகப் பலன் இல்லை, காலையில் இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவர வேண்டும். ஆவி பிடித்தால் அது நேராகப் போகும்.

அடுத்தது செய்யக்கூடாத காரியம். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா. 80 பிரதி ஆர்டர் என்றார்கள். எங்கள் பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் எப்படியாவது இரண்டு நாள் குரல் வேண்டும் சார் என்று கெஞ்சினேன். ஊசி போட்டார். மறுநாள் காலையில் குரல் பளிச்சென்று வந்துவிட்டது. இரண்டு நாளும் கத்திப் பாடினேன். அது ஸ்டீராய்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. அது வீக்கத்தை வற்றவைக்கும், காயத்தை ஆற்றாது. வலி தெரியாத காலில் ஓடுகிற மாதிரி நான் அந்தக் குரலில் ஓடியிருக்கிறேன். அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதைவிட அதிகமாக என் மேல். கேட்டது நான்தானே. பொங்கல் முடிந்து மலைமேல் போனேன், மேலே சொன்னது நடந்தது.

பிப்ரவரியில்தான் சரியான மருத்துவரிடம் போனேன். கசப்பாக ஒரு ஸ்பிரே அடித்துத் தொண்டையை மரக்கவைத்தார்கள். நாக்கை ஒரு துணியில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு, ஒரு கம்பி மாதிரியான கேமராவை வாய்க்குள் நீட்டி, "ஈ சொல்லுங்கம்மா" என்றார்கள். நாக்கைப் பிடித்துக்கொண்டு 'ஈ' சொல்லச் சொன்னால் சிரிப்பு வராதா? எனக்கு வரவில்லை. திரையில் என் குரல்நாண்கள், இரண்டு வெள்ளை நாடா. திறக்கும்போது ஒரு முக்கோணம், மூடும்போது ஒரு கோடு. அந்தக் கோடு சரியாக மூடவில்லை. இரண்டு நாடாவிலும் நேருக்கு நேர் ஒரு சின்ன முத்து. கொலுசில் வைப்பார்களே, அந்த அளவுகூட இல்லை. அந்த முத்துகள் முட்டிக்கொள்வதால் முன்னும் பின்னும் இடைவெளி, அதன் வழியாகக் காற்று ஒழுகுகிறது. அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஒரு பெண் பேசும்போது இந்த நாடாக்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை மோதிப் பிரிகின்றன என்றார் மருத்துவர். வெளியே வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் விடாமல் பேசினால் ஏழு லட்சம் தடவைக்கு மேல். பாடும்போது சுருதி ஏற ஏற அதுவும் ஏறும். கத்தினால் மோதல் பலமாகும். கையில் காய்ப்புக் காய்ப்பது மாதிரி அங்கே காய்த்துவிடுகிறது.

அடுத்த வாரமே அறுவை சிகிச்சை செய்துவிடலாம், 45,000 ஆகும் என்றார்கள் அங்கே. அம்மா தன் இரண்டு வளையலையும் அடகு வைத்துவிட்டு வந்தாள். அட்மிட் ஆக இரண்டு நாள் இருக்கையில், என்னோடு முன்பு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி வேறொரு மருத்துவரிடம் காட்டாமல் போகக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டாவது மருத்துவர் திரும்பவும் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் இப்படிச் சமமாக இருக்கிற முடிச்சுக்கு முதலில் குரல் பயிற்சிதான், மூன்று மாதம் செய்து பார்ப்போம், வெட்டி எடுத்துவிட்டுப் பழையபடியே கத்தினால் திரும்ப வந்துவிடும் என்றார். ஒரு பக்கம் மட்டும் கட்டி இருந்தால் சங்கதி வேறு, அதற்கு அறுவை தேவைப்படலாம் என்பதையும் அவரே சொன்னார். ஆகவே என் கதையைக் காட்டி யாரும் அறுவை வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். கேமராப் படத்தை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் இரண்டாவது இடத்தில் அவர்களுக்கும் சுலபம், மறு தடவை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். நான் வாங்காமல் வந்து, திரும்பவும் 1,800 கட்டிப் புதிதாக எடுத்தேன்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. முதல் இரண்டு நாள் நான் ரகசியக் குரலில் குசுகுசுவென்று அம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தேன், மௌனம் காப்பதாக நினைத்துக்கொண்டு. மூன்றாம் நாள் பயிற்சி தருகிற பெண்ணுக்குப் போனில் செய்தி அனுப்பியபோது இதையும் எழுதினேன். உடனே பதில் வந்தது: "அக்கா, குசுகுசுன்னு பேசறதுக்குப் பேசாமலே இருக்கலாம். அது இன்னும் இறுக்கும்." செருமுவதும் அப்படித்தானாம். நாடாக்களை ஒன்றோடொன்று போட்டு அடிப்பது. செருமல் வந்தால் ஒரு வாய்த் தண்ணீரை விழுங்க வேண்டும். அப்படிச் செய்த முதல் நாள் எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள் 63 தடவை தண்ணீர் விழுங்கியிருந்தேன். அதற்குமேல் எண்ணவில்லை.

ஒரு சிலேட்டு வாங்கிவந்து எழுதிக் காட்டினேன். அம்மாவுக்குக் கண் மங்கல், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். 'உப்பு போதும்' என்று எழுதிக் காட்டுவதற்குள் அவள் இன்னொரு கை போட்டிருப்பாள். தெருவில் வேறு கூத்து. வாய் பேசாதவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆட்டோக்காரர் என் முகத்துக்கு நேரே வந்து "எங்...கே... போ...கணும்?" என்று கத்துகிறார். சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கப் போய்ச் சிலேட்டை நீட்டினேன். அந்தம்மா என்னைப் பார்த்துவிட்டு, "பாவம் கண்ணு" என்று காசு வாங்காமல் ஒன்று சேர்த்து வைத்துக் கொடுத்தார். மறுக்கவும் வாய் இல்லை. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ராத்திரி ஆனால் மட்டும் தாங்காது. பாட்டு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், வெளியே விட வழி இருக்காது. தாலாட்டில் வருகிற 'தால்' என்பது நாக்கு. நாக்கை ஆட்டுவதுதான் தாலாட்டு. என் நாக்கு வாய்க்குள் தானாக ஆடுவதைத் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் கவனித்தேன். பைத்தியம் பிடிக்கிறதோ என்றுகூடப் பயந்தேன். யாரிடம் சொல்வது? ஒரு வாரம் பேசாமல் இருந்தால் என்ன இப்போது, நல்லதுதானே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பாடுகிறவர் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் அந்த நகைச்சுவையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பயிற்சி மார்ச்சில் தொடங்கியது. ஒரு தடவைக்கு 600 ரூபாய், மொத்தம் 12 தடவை. முதல் நாள் அந்தப் பெண் என்னிடம், "உதட்டை லூசா விட்டுட்டு, சின்னப் பசங்க பஸ் ஓட்டுவாங்களே, புர்ர்ர்னு, அப்படி விடுங்கக்கா" என்றாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் புத்தகத்தின் முதல் வரியே அதுதான்:

புர்ர்ருன்னு கிளம்புது பஸ்சக்கா
பூப்போட்ட சீட்டு பஸ்சக்கா
ஒண்ணாம் வளைவு வருதக்கா
ஓரமா உக்காரு குரங்கக்கா

மலைப்பாதையில் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் குரங்குகளை வைத்துக் கட்டியது. ஆறு வருடமாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அந்த 'புர்ர்ர்' விடவைத்திருக்கிறேன், நான் மட்டும் அவர்களுக்குமேல் கத்திக்கொண்டு நின்றிருக்கிறேன். உதடு துடிக்கும்போது காற்றின் அழுத்தம் வாயிலேயே கொஞ்சம் தாங்கப்படுவதால் நாடாக்கள் மெதுவாகத் தொட்டு விலகுமாம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழி விட்டபடி 'ஊ' பாடுவது. வீட்டில் செய்ய இந்த இரண்டும் போதும், காலையில் ஐந்து நிமிடம், பாடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம், பாடி முடித்தபின் ஐந்து நிமிடம். முடித்தபின் செய்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டையும் மாற்றச் சொன்னாள். பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பேன், புளிப்பு மேலேறி வந்து குரல்நாணை எரிக்கும். எட்டு மணிக்குள் சாப்பிடத் தொடங்கிய பிறகு காலைச் செருமல் பாதியாகக் குறைந்தது.

ஐந்தாவது தடவை போனபோது அவள் அந்தப் பாட்டை மெதுவாக முழுசாகப் பாடிக் காட்டச் சொன்னாள். பாடப் பாடச் சுருதிப் பெட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ் மேலே ஏறுகிறதே, அதனால் இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை சுரத்தையும் ஒரு படி ஏற்றியிருந்தேன். அதுதான் அந்தப் பாட்டின் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குப் பெருமை வேறு. "பதிமூணோட உங்க வசதி முடிஞ்சிடுதுக்கா, அதுக்கு மேல நீங்க பாடலை, தூக்கிப் போடறீங்க" என்றாள். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். நாலைந்து வயதில் வசதியாகப் பாடக்கூடிய சுரங்கள் ஐந்தாறுதான். அதற்கு மேலே போனால் கத்துவார்கள். டீச்சர்கள் அதைப் பார்த்து, "பசங்க என்ன உற்சாகமா இருக்காங்க!" என்பார்கள். நானும் அந்தச் சத்தத்தைத்தான் வெற்றி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் தொண்டையைக் கெடுத்தது பள்ளிக்கூடமும் கூரையும் மட்டும் இல்லை, நான் கட்டிய பாட்டும்தான். எழுதுகிறவளாக எனக்கு அதுதான் வலித்தது. சிறுவர் பாட்டு எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும் ஒரே நாளில் ஐந்து தடவை முழுசாகப் பாடிப் பார்க்க வேண்டும். முதல் தடவை எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாவதில் எந்த வரியில் மூச்சு முட்டுகிறதோ அந்த வரி தப்பு.

ஜூனில் கையில் காசு சுத்தமாகத் தீர்ந்தது. ஊசி, மாத்திரை, சூரணம் என்று வீணாகப் போனது 6,400. மருத்துவர்கள், கேமரா 4,800. பயிற்சி 7,200. பாடாத ஏழு மாதத்தில் கோடை விடுமுறை போக, வராமல் போன ஐந்து மாத வருமானம் 90,000. அந்த நேரம் பார்த்து, குழந்தைப் பாட்டு வீடியோ போடுகிற ஒரு நிறுவனத்தில் இருந்து போன். பஸ் பாட்டை 8,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். நாலு பக்க ஒப்பந்தம், எல்லாம் ஆங்கிலம். பேனாவை எடுத்துவிட்டேன். தெருமுனையில் இருக்கிற வக்கீலய்யாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா கண்ணு என்று அம்மா சொன்னதால் தப்பித்தேன். உலகம் முழுக்க, எல்லா வடிவத்திலும், காலம் உள்ளவரை உரிமை அவர்களுக்கு என்று எழுதியிருந்தது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளவேண்டும் என்று இருக்கிறது. அதனால்தான் அவர்கள் இரண்டையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்றார் வக்கீல். பாட்டின் வரி ஒன்று, மெட்டு ஒன்று, பாடிப் பதிவு செய்தது இன்னொன்று, மூன்றும் தனித்தனி உரிமை. மூன்றையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டால் நாளைக்கு என் புத்தகத்தில் என் பாட்டை அச்சிட அவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். வீடியோவுக்கு மட்டும், மூன்று வருடத்துக்கு, தமிழில் மட்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. வராதது பற்றிச் சில ராத்திரி வருத்தப்பட்டேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த 8,000 அன்றைக்குப் பெரிய பணம்.

ஆகஸ்டில் மறுபடி கேமரா. முத்துகள் கிட்டத்தட்டக் கரைந்திருந்தன. பாடலாம், ஆனால் பழைய மாதிரி இல்லை என்றார்கள். முதல் வேலையாக 1,800 ரூபாய்க்குக் காதில் மாட்டுகிற மைக்கும் இடுப்பில் கட்டுகிற சின்ன ஸ்பீக்கரும் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் கண்டக்டர் மாதிரி இருந்தது. இருக்கட்டும், பஸ் பாட்டுதானே. ஒரு நாளைக்கு ஒரு பள்ளி, 40 நிமிடம், அறுபது பிள்ளைகளுக்கு மேல் இல்லை. தனியார் பள்ளி என்றால் பாட்டுக்குத் தனியாக 2,500, பாதி முன்பணம். அரசுப் பள்ளிக்கு இலவசம், மாதத்துக்கு மூன்று. இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் பஸ் ஏறுவேன். முதல் தடவை 2,500 என்று டைப் செய்துவிட்டு அனுப்ப முடியாமல் அரை மணி நேரம் போனைக் கையில் வைத்திருந்தேன். பத்துப் பள்ளியில் நாலு பேர் அதோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் மறு பேச்சுப் பேசாமல் அனுப்பினார்கள். பாட்டு சும்மாதானே என்று கேட்ட அந்தத் தாளாளர் அம்மா அந்த மூன்று பேரில் ஒருவர். நான் கேட்காததால்தான் அவர் கொடுக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு இதை ஜீரணிக்க நாளானது.

பாடாமல் இருந்த நாட்களில் அந்தப் பாட்டைத் திருப்பி எழுதியிருந்தேன். இப்போது பஸ் ஏற ஏறச் சத்தம் குறையும். வளைவு கூடக்கூடப் பனி கூடும், குளிர் கூடும், குரங்குகள் தூங்கும். இருபதாவது வளைவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகுவதோடு முடியும். இருநூறு பிள்ளைகள் கத்துவதைவிட அறுபது பிள்ளைகள் முனகுவது கேட்க எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கிணற்றுக்குள் தேனீ மாதிரி இருக்கிறது.

செப்டம்பரில் பழைய மலைப் பள்ளிக்கே போனேன். புதுப் பாட்டைச் சொல்லித்தர ஆரம்பிப்பதற்குள், "எங்களுக்குத் தெரியுமே மிஸ்!" என்று பிள்ளைகள் பழையதையே பாடத் தொடங்கிவிட்டார்கள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஏற்றிக்கொண்டே வந்தார்கள். பதின்மூன்று முடிந்தது. பதினான்கு வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, 'க்ஹும் க்ஹும்' என்று இருமினார்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டு அவ்வளவுதானாம். எட்டு மாதமாக அப்படித்தான் பாடுகிறார்கள் என்று அவர்கள் டீச்சர் சொன்னார். "அப்புறம் பஸ் என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். முன்வரிசையில் பல் விழுந்த ஒருத்தி, இது கூடத் தெரியாதா என்கிற முகத்தோடு, "ரேடியேட்டர் சூடாயிடுச்சு மிஸ். தண்ணி ஊத்தணும்" என்றாள்.

2025-ல் வந்த புதிய பதிப்பில் பதினான்காவது வளைவில் பஸ் நிற்கிறது. டிரைவர் இறங்கித் தண்ணீர் ஊற்றுகிற படம். கீழே பாட்டு வரி கிடையாது. பிள்ளைகள் அந்தப் பக்கம் வந்ததும் அவரவர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடிப்பார்கள். நானும் குடிப்பேன்.